வாள் ஏந்தும் ஆசான், கோல் ஏந்தும் மாணவர்

ஜப்பானியத் தற்காப்புக் கலை என்றதும் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருபவை கராத்தேயும் ஜூடோவுமே என்றாலும், ஜப்பானில் இவ்விரண்டும் நவீனக் கலைகளாகவே கருதப்படுகின்றன. கானோ ஜிகோரோ ஜூடோவுக்கென்று கோடோகான் பள்ளியை நிறுவியது 1882இல்தான். சாமுராய் ஆட்சி முடிவுற்று மெய்ஜி அரசு பொறுப்பேற்ற 1868ஆம் ஆண்டுக்கு முன்பே தோன்றி, ஆசானிடமிருந்து மாணவருக்கு எனக் கைமாறி வந்துள்ள மரபுகளைக் 'கோர்யூ' என்று அழைப்பர். சிபா மாவட்டத்துக் கதோரி ஆலயத்தைச் சார்ந்து 15ஆம் நூற்றாண்டில் இய்சாசா இயெனாவோ தோற்றுவித்த கதோரி ஷின்தோ ரியூ இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று; அதில் சேருவோர் விரலைக் கீறி, உறுதிமொழி ஏட்டில் இரத்தத்தால் முத்திரை பதிக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. கற்றதை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று வாக்களித்தோருக்கே கற்பிக்கப்பட்ட இத்தகைய கலைகள், இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலேசியாவிலும் பயிலப்படுகின்றன என்றால், அதற்குக் கடல் கடந்து சென்று கற்றவர்களும், அவர்களைத் தேடி அவ்வப்போது பயணம் செய்த ஆசான்களுமே காரணம்.

இதனை ஷின்தோ முசோ ரியூ என்னும் கோல் கலையைக் கொண்டு நன்கு விளங்கிக்கொள்ளலாம். வாளேந்தி வருபவனைக் கோல் கொண்டு எதிர்ப்பது இக்கலை. 'ஜோ' எனப்படும் அக்கோல் ஓக் மரத்தாலானது. 128 சென்டிமீட்டர் நீளமும் 2.4 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்டு, பயிற்சிக்குரிய மரவாளைவிட ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த முசோ கொன்னோசுகே, புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோத்தோ முசாஷியிடம் தோற்றபின் ஹோமான் மலையில் தவமிருந்து இம்முறையைக் கண்டடைந்தார் என்பது மரபு வழிக் கதை. அதன்பின் ஃபுகுவோகாவை ஆண்ட குரோதா குடும்பத்தின் ஆட்சிப் பகுதிக்குள்ளேயே நெடுங்காலம் அடங்கிக் கிடந்த இக்கலையை, ஷிராய்ஷி ஹன்ஜிரோவிடம் கற்ற ஷிமிசு தகாஜி (1896–1978) தோக்கியோவுக்குக் கொண்டு சென்று, மாநகரக் காவல்துறையினருக்குக் கற்பித்தார். ஓர் ஆசான் ஒரு மாணவர் என்றிருந்த இடத்தில் ஒரே நேரத்தில் பலருக்குக் கற்பிக்க வேண்டிய தேவை எழுந்ததால், கலையின் அசைவுகளிலிருந்து 12 அடிப்படைப் பயிற்சிகளைப் பிரித்தெடுத்து அவர் வகுத்தார். பிற்காலத்தில் தொலைதூர நாடுகளின் மாணவர்கள் ஆசான் இல்லாத மாதங்களிலும் தனித்துப் பயில முடிந்ததற்கு அந்த ஏற்பாடே பெரிதும் கைகொடுத்தது எனலாம். அமெரிக்க மரைன் படை வீரராக இருந்து ஜப்பானில் தங்கிய டான் டிரேகர் (1922–1982) ஷிமிசுவிடம் கோலையும், ஓதாகே ரிசுகேயிடம் கதோரி மரபையும் கற்று, ஜப்பானுக்கு வெளியே இவை அறியப்படப் பெருந்துணை புரிந்தார்.

ஓர் ஆசான் நேரில் வருவது ஏன் இத்தனை முக்கியம் என்பதை அறிய, இக்கலையில் பாடம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கராத்தே பயில்வோர் 'கட்டா' என்று சொல்லும் வரையறுக்கப்பட்ட அசைவுத் தொடர் இங்கும் உண்டு. ஆனால் அது தனியே செய்யப்படுவதன்று, இருவர் எதிரெதிரே நின்று செய்வது. வாள் ஏந்துபவருக்கு 'உச்சிதாச்சி' என்றும், கோல் ஏந்துபவருக்கு 'ஷிதாச்சி' என்றும் பெயர். வாள் தலையை நோக்கி இறங்குகிறது. அது இறங்கும் கணத்தில் கோலுடையவர் வாள் வரும் கோட்டிலிருந்து விலகி, வாள் பிடித்த மணிக்கட்டின்மீது கோலை இறக்குகிறார். பின்னர் கோலின் நுனி வாளுடையவரின் இரு கண்களுக்கு நடுவே நிற்க, அவர் பின்வாங்குகிறார். ஓரிரு மூச்சில் முடிந்துவிடும் இத்தொடரில், சற்று முன்னதாக விலகினால் வாள் திசை மாறித் தொடர்ந்து வரும். சற்றுத் தாமதித்தால் தலையில் விழும். அந்த இடைவெளியைப் புத்தகத்தால் சொல்லித்தர இயலாது. காணொளியால் காட்டலாமே தவிர, உணர்த்த இயலாது.

வாளை ஏந்தித் தோற்பவர் எப்போதும் மூத்தவரே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மாணவர் தாங்கக்கூடிய வேகத்தைக் கணித்து, அதற்கு ஒரு படி மேலாகவே வாளை இறக்கி, அவர் விலகியது சரியா என்பதைத் தம் மணிக்கட்டிலேயே அளந்தறிந்து, அடுத்த சுற்றில் சற்று விரைவாகவோ சற்று நெருக்கமாகவோ ஆசான் வருகிறார். ஷிமிசுவின் மாணவரும் இக்கலையின் ஆசானுமான நிஷியோகா த்சுனேயோ, உச்சிதாச்சியின் இடம் பெற்றோரின் இடத்தைப் போன்றது என்றும், மூத்தவர் வெல்ல ஆசைப்பட்டால் பயிற்சியே கெட்டுப்போகும் என்றும் வலியுறுத்தி எழுதியுள்ளார். இக்கருத்து இம்மரபுகளின் உயிர்நாடி என்றே கொள்ளத்தகும். ஏனெனில், தோற்றுக் கற்பிக்கத் தெரிந்தவர் ஓர் ஊரில் இல்லையெனில், அங்குள்ள மாணவர்கள் தமக்குள் ஒருவரை ஒருவர் மிஞ்ச முயன்று, அசைவுகளை வேகப்படுத்தி, இடைவெளியை இழந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திறமையாகவே தோன்றும்.

ஆகவே, ஆசான் வரும் நாட்களில் 'கஷ்ஷுகு' என்னும் தங்கிப் பயிலும் முகாம் நடத்தப்படுகிறது. பல ஊர்களிலிருந்து மாணவர்கள் திரண்டிருப்பதால், ஒருவருக்கு ஆசானின் வாள் முன் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் வீண் போவதில்லை. பிறருக்கு ஆசான் சொல்லும் திருத்தத்தைக் கண்ணால் பயில்வதும் பயிற்சியின் ஒரு கூறே. அதற்கு 'மிதோரி கெய்கோ' என்று பெயர். ஆசானின் கையைவிடக் காலையும் இடுப்பையும் கவனிப்பவர் மிகுதியாகக் கற்கிறார், ஏனெனில் கையின் பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. சென்ற முறை சொன்னதற்கு மாறாக இம்முறை ஆசான் சொல்வதும் உண்டு. அது பெரும்பாலும் முரண்பாடாக இராது. மாணவரின் உடல் மாறியிருப்பதால் தேவைப்படும் திருத்தமும் மாறியிருக்கும். தம் பழைய ஆசான் வேறு விதமாகச் சொன்னாரே என்று முகாமில் வாதிடுபவர், தமக்குக் கிடைத்த சில நிமிடங்களையும் இழக்கிறார்.

முகாம் முடிந்தபின் வரும் மாதங்களே ஆசானின் வருகைக்கு மதிப்பைத் தருகின்றன. ஒரே ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வருகை வரை அதையே உடலில் ஊன்றச் செய்யும் குழுவுக்கும், எடுத்த காணொளிகளைக் கொண்டு புதிய தொடர்களைத் தாமாகவே பயிலத் தொடங்கும் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை, மீண்டும் வரும் ஆசான் முதல் வணக்கத்துக்குப் பின் நடக்கும் முதல் கட்டாவிலேயே கண்டுகொள்வார். பழைய மரபுகளில் தகுதி பல படிகளாக வழங்கப்பட்டு, முழு மரபையும் பெற்றதற்கான 'மென்க்யோ கைதென்' என்னும் உரிமம் பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்னரே தரப்படுவதற்கும் இதுவே காரணம். முகாம்களின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது.

இத்தகைய பள்ளி ஒன்றில் சேர விரும்புவோர், சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்ப்பதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது: இங்குக் கற்பிப்பவர் யாரிடம் கற்றார், அந்த ஆசானுடன் அவருக்கு இன்றும் தொடர்பு உள்ளதா, மாணவருக்கு எதிரே வாளேந்தி நிற்பவர் யார். மூன்றாவது கேள்விக்கு மூத்தவர் ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் கோலைச் சுழற்றக் கற்கலாம். ஷின்தோ முசோ ரியூவைக் கற்க இயலாது.