வாசற்படிப் பதிவேடு – 11: நிறுத்துப் பார்த்த ஊர்

கிராம சுகாதார செவிலியரின் தடித்த நோட்டுகள் கர்ப்பிணிகளைப் பதியும் ‘பிக்மி’ மென்பொருளுக்குள் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கர்ப்பிணிக்குக் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்-சேய் நல) எண்ணைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கோட்டம்பட்டி குறுக்கே வந்து நிற்கிறது.

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மேலூர் தாண்டி வருமே, அதே கோட்டம்பட்டிதான். பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் முயன்று பார்த்த ஒன்றியம் இதுதான் என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை.

என்ன செய்தார்கள்? 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்தார்கள். கோடு ஏறினால் கவலையில்லை. ஏறாமல் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982-இல்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே, எந்தப் பிள்ளைக்கு எப்போது சோறு வேண்டும் என்று தராசைக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளையை நிறுப்பது லேசான காரியமல்ல. “பிள்ளைய என்ன வெல்லமா, நிறுத்துப் பாக்க? கண்ணு பட்டுரும்டி” என்பார் எங்கள் அம்மாச்சி. இப்படிப்பட்ட அம்மாச்சிகளைத் தாண்டித்தான் தராசு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. நுழையவைத்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். ஊட்டச்சத்துப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, வறுமையிலும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் தாய்மார்களைத் தேடியிருக்கிறார்கள். பட்டம் சொல்லாததை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லுமே! இந்த ஒரு யோசனைக்காகவே அந்தத் திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இன்று அங்கன்வாடிப் பணியாளர் கையில் கைபேசி இருக்கிறது. 2021-இல் வந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் எடையையும் உயரத்தையும் பதிந்தால், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. அட்டையில் கை தவறிப் புள்ளி இடம் மாறும் தொல்லை இல்லை. தில்லியில் இருப்பவரும் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் அன்று, எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட, கோடு சாய்ந்ததும் “ஏங்க்கா, இறங்கிருச்சா?” என்று கேட்க முடிந்தது. அவளுக்கும் புரிந்த பதிவேடு அது. பதிந்த எண் மேலே போகும் வேகத்தில் பாதியாவது அந்தத் தாயிடம் திரும்பி வர வேண்டும். பதிவேற்றியதோடு வேலை முடிந்தது என்று ஆகிவிடக் கூடாது. அவள் பக்கம் திரையைத் திருப்பி இரண்டு நிமிடம் பேச, பணியாளருக்கு நேரம் இருக்க வேண்டும். ஒரு செயலி நல்லதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

12 இலக்க எண் பாக்கி நிற்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவளைப் புகுந்த ஊர் செவிலியரின் நோட்டு தொலைத்துவிடும். எண் அவள் கூடவே போகும். எப்படி என்பது அடுத்த வாரம்.