எந்த ஊருக்குப் போகிறது இந்த ரயில்?

என் தமக்கையின் பிள்ளைக்குச் சென்ற வருஷம் எட்டு வயது நிரம்பியது. பிறந்த நாளைக்கு ஒரு ரயில் வாங்கிக் கொடுத்தேன். வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளங்கள், ஒரு கரிய இஞ்சின், மூன்று வண்டிகள். கூடத்தில் அதை ஓட விட்டபோது வீடே கூடிவிட்டது. கண் சரியாகத் தெரியாத பாட்டி கூட மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "காசியில் போய் நிற்குமோ?" என்று கேட்டாள். முதல் நாள் இப்படி ஏக உற்சாகம். இரண்டாம் நாள் பையனும் நானும் மட்டுமே மிஞ்சினோம். மூன்றாம் நாள் பையன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டான்:

"மாமா, இந்த ரயில் எந்த ஊருக்குப் போகிறது?"

"எந்த ஊருக்கும் இல்லையடா. சுற்றிச் சுற்றி வருகிறது."

"அப்படியானால் இதில் யார் ஏறுவார்கள்? ஏறின இடத்திலேயே அல்லவா இறங்க வேண்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் ரயில் பெட்டிக்குள்ளும், பெட்டி அலமாரியின் உச்சியிலும் போய்ச் சேர்ந்துவிட்டன.

பெரியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் யோசனையே எனக்கும் தோன்றிற்று. இன்னும் கொஞ்சம் தண்டவாளம், ஒரு பாலம், ஒரு குகை, ஒரு பெரிய ஸ்டேஷன் எல்லாம் இருந்தால் பையனுக்கு அலுக்காது என்று எண்ணிக் கடைக்குப் போனேன். விலையை விசாரித்தேன். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். பணம் கிடைத்தாலும் இடத்துக்கு எங்கே போவது? எங்கள் கூடத்தில் பகலில் சாப்பாடும் இரவில் படுக்கையும் நடந்தாக வேண்டும்.

இடமும் இல்லை, பணமும் இல்லை என்ற இந்த இரட்டைத் துன்பம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ரயில் பித்தர்களையும் வெகு காலமாக வாட்டியிருக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களில் புத்திசாலிகள் அதற்கு ஒரு பரிகாரமும் கண்டிருக்கிறார்கள். அது தண்டவாளத்தை நீட்டுவது அன்று. ரயிலுக்கு ஒரு காரியம் கொடுப்பது.

இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலப் பாதிரியார். 1943-ம் வருஷம் அவருடைய சிறு பிள்ளை கிறிஸ்டபருக்கு அம்மை வார்த்திருந்தது. படுக்கையில் கிடந்த குழந்தையைச் சமாதானப்படுத்த இஞ்சின்கள் பேசிக்கொள்வதாகக் கதைகள் கட்டிச் சொன்னார். அவை 1945-ல் புத்தகமாக வந்தன. கதையில் வந்த இஞ்சின் பையனுக்குக் கையில் வேண்டியிருந்தது. துடைப்பக் கட்டையையும் மரத் துண்டுகளையும் செதுக்கி 'எட்வர்ட்' என்ற இஞ்சினைச் செய்து கொடுத்தார் தகப்பனார். பையனோ 'கோர்டன்' என்ற பெரிய எக்ஸ்பிரஸ் இஞ்சினும் வேண்டும் என்றான். அது யுத்த காலம், சாமான்களுக்குத் தட்டுப்பாடு. இருந்த மரத்தில் ஒரு குட்டி இஞ்சின்தான் செய்ய முடிந்தது. அதற்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார். 1946-ல் அதன் கதைகள் புத்தகமாயின. உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் இன்று தெரிந்த அந்தத் தாமஸ், தட்டுப்பாடு பெற்றெடுத்த பிள்ளை!

இதற்குப் பிறகு பாதிரியார் செய்த காரியந்தான் எனக்கு அதிக ஆச்சரியத்தை அளித்தது. இந்த இஞ்சின்கள் ஓடுவதற்கு ஒரு தேசம் வேண்டும் அல்லவா? இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு பிஷப்புக்கு 'சோடோர், மான் பிரதேசங்களின் பிஷப்' என்று பட்டம் உண்டு. மான் தீவு படத்தில் இருக்கிறது. சோடோர் என்ற தீவைக் காணோம். காணாமற் போன அந்தத் தீவை ஆட்ரியே படைத்துவிட்டார். மான் தீவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடலில் அதை வைத்தார். தம் சகோதரருடன் சேர்ந்து அதற்கு மலைகள், ஆறுகள், ஊர்கள், பழைய சரித்திரம் எல்லாம் வகுத்தார். அதற்கப்புறம் அந்தத் தீவின் ஒரு கிளைப் பாதையைப் பலகையில் அமைத்துக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்றார். பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்தது சில அடி நீளமுள்ள பலகை. ஆனால் அந்தப் பலகைக்கு அப்பால் ஒரு தீவே இருந்தது.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். காலிபோர்னியாவில் மான்டெரே அவர் ஊர். தம் கற்பனை ரயில்வேக்கு அவர் 'கோர் அண்டு டாஃபெடிட்' என்று பெயரிட்டார். இரண்டும் ஊர்ப் பெயர்கள் போலத் தோன்றும். சேர்த்து உரக்கச் சொன்னால் 'இரத்தக் களரியும் படுதோல்வியும்' என்று ஆங்கிலக் காதில் விழும். அந்த ரயில்வேயில் சரக்கு வண்டிகளை இழுத்து மாற்றி வைக்க, இஞ்சினுக்குப் பதிலாக ஒரு ஸ்டெகோசாரஸ் - பண்டைய ராட்சதப் பிராணி - உத்தியோகத்தில் இருந்தது! சுமார் மூன்றரை அடிக்கு ஆறே முக்கால் அடிப் பலகையில் பிறந்த ரயில்வே அது. பிற்பாடு வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் நிரப்பி வளர்ந்தது. ஆனால் பழைய சிறு பலகையை அவர் எறிந்துவிடவில்லை. பெரியதற்குள்ளேயே அதையும் பதித்துக்கொண்டார். இடம் விசாலமாகத் தெரிவதற்கு ஆங்காங்கே முகம் பார்க்கும் கண்ணாடிகளை மறைத்து வைப்பது அவருடைய தந்திரம். 1973-ம் வருஷம் ஜனவரி மாதம் ஆலன் காலமானார். சில நாட்களுக்குள் அந்த வீட்டில் நெருப்புப் பிடித்து ரயில்வேயில் பெரும்பகுதியும் நாசமாகிவிட்டது. அவர் எடுத்து வைத்த புகைப்படங்களைத்தான் இப்போது பார்க்கலாம்.

கீழ்த்தளம் இல்லாத நம் போன்றவர்களுக்கு வழி காட்டியவர் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர். அவர் அமைத்த 'இங்கில்நுக்' என்ற பாதைக்கு வேண்டியவை ஓர் இஞ்சின், எட்டுச் சரக்கு வண்டிகள், தண்டவாளம் பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்டுகள் இரண்டு, அவ்வளவுதான். பாதை மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஐந்து வண்டிகள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. இஞ்சின் முன்னும் பின்னும் போய் வருவதற்கான தலைப் பாதையில் இஞ்சினும் மூன்று வண்டிகளும் மட்டுமே அடங்கும். எட்டு வண்டிகளுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்து சீட்டுகளை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் அந்த ஐந்து வண்டிகளையும் நீளக் கிளையில் கோத்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது; இஞ்சின்தான் இழுக்க வேண்டும், தள்ள வேண்டும்.

பார்வைக்கு எளிது. செய்து பார்த்தால் ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தியவனுடைய கஷ்டம் புரியும். ஐந்து வண்டிகளை இப்படி 6,720 விதமாக வரிசைப்படுத்தலாம். தினம் ஒன்றாக ஆடினால் பதினெட்டு வருஷத்துக்கு மேல் காணும். இதில் ஒரு விசேஷம்: தலைப் பாதையை ஒரே ஒரு வண்டி நீளம் அதிகமாக்கிவிட்டால் ஆட்டத்தின் சுவை குறைந்துவிடுகிறது. இடம் போதாமல் இருப்பதுதான் இங்கே விளையாட்டு!

பிற்காலத்தில் கார்ல் அரெண்ட் என்ற அமெரிக்கர் இத்தகைய குட்டி ரயில்வேக்களை ஆர்வத்துடன் திரட்டி வெளியிட்டுப் பலருக்கும் ஆசை மூட்டினார். நாலு சதுர அடிக்குள் அடங்கவேண்டும் என்பது அவருடைய அளவுகோல். விரித்துப் போட்ட தினசரிப் பத்திரிகையின் அளவுதான் அது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். உடைந்த அலமாரியிலிருந்து நாலடி நீளம், ஓர் அடி அகலமுள்ள பலகை ஒன்று அகப்பட்டது. பதினாறரை மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்துக்கு இது போதும். ஒன்பது மில்லிமீட்டர்த் தண்டவாளமானால் இரண்டடிப் பலகையே ஏதேஷ்டம். பரணிலிருந்து இறக்கிய இஞ்சினையே வைத்துக்கொண்டோம். பாயிண்டுகளையும் சில சக்கரங்களையும் மாத்திரம் புதிதாக வாங்கினோம். வண்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டையைப் போன்ற சாமான் உலகத்தில் வேறில்லை. இந்த அளவில் உண்மையான ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருப்பான். ஒரு தீப்பெட்டி சுமார் பன்னிரண்டடி நீளமுள்ள கடையாகிவிடும்.

ஆனால் ஆணி அடிக்குமுன் பையனை உட்கார வைத்து, "எந்த ஊர்?" என்று கேட்டேன். அவன் ஒரு நாள் முழுதும் யோசித்துவிட்டு, "உப்பளம்" என்றான். கடலோரத்தில், வரைபடத்தில் இல்லாத ஓர் உப்பளம். அங்கே உப்பு ஏற்ற நாலு வண்டிகள், சாக்குக்கு ஒன்று, கரிக்கு ஒன்று, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு ஒன்று. எட்டாவது வண்டி என்ன என்று கேட்டேன். "தண்ணீர் வண்டி. உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் ஏது, மாமா?" என்றான். வேலைக்காரர்களின் குடிசைகள் நீளக் கிளையின் கோடியில் இருப்பதாகவும், தண்ணீர் வண்டிக்குச் சீட்டு விழுந்த அன்று அது மட்டும் வரிசை பாராமல் குடிசை ஓரமாகவே நிற்கவேண்டும் என்றும் தானே ஒரு சட்டமும் போட்டான். ரைட்டின் ஆட்டம் இதனால் இன்னும் கடினமாகிவிட்டது. நான் ஆட்சேபித்துப் பயனில்லை.

நாங்கள் பட்ட அவதிகளையும் சொல்லிவிடுகிறேன், பிறருக்கு உபயோகப்படலாம். உப்புக் குவியல்களுக்கு உப்பையே கொட்டினோம். ஐப்பசி மழையில் அது கசிந்து, தண்டவாளம் துருப்பிடித்து, இஞ்சினுக்கு மின்சாரம் எட்டாமல் போய்விட்டது. அதை வழித்துவிட்டு ரவையைக் கொட்டினோம். எறும்புகள் சாரை சாரையாக வந்து இரண்டே நாளில் உப்பளத்தைக் காலி செய்துவிட்டன. கடைசியில் கல் கோலமாவுதான் கைகொடுத்தது; பசையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு அதை இறுக்கினோம். மைதாப் பசையால் ஒட்டிய முதல் ஸ்டேஷனைக் கரப்பான் பூச்சிகள் கூரையோடு தின்றுவிட்டபடியால், இப்போது தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசைதான். தரைக்குக் காப்பாற்றி வைத்த தேயிலைச் சக்கையை நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே தூவ வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சைக் காளான் பிடிக்கும். பனை மரங்களுக்குத் துடைப்பக் குச்சியும் பச்சைக் காகிதமும். உடை மரங்களுக்கு உலர்ந்த சுள்ளியும் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளும். ஜான் ஆலனைப் பின்பற்றிப் பலகையின் ஒரு கோடியில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தோம். சாலை இரண்டு மடங்கு நீண்டது வாஸ்தவந்தான். ஆனால் ஸ்டேஷன் பெயர்ப் பலகை அதில் தலைகீழ்ப் பாஷையாகத் தெரிந்து மானத்தை வாங்கியது. கண்ணாடிக்கு எதிரே எழுத்து எதையும் வைக்காதீர்கள். மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் பெரியவர்கள் செய்வது நலம். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கு நேராக விடக் கூடாது. அதை 12 வோல்ட்டுக்குக் குறைத்துக் கொடுக்கும் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும். செலவில் கை வைக்கக் கூடாத இடம் அது ஒன்றே.

ஆட்டம் முடிந்ததும் பலகையைச் சுவரோரமாகச் செங்குத்தாகச் சாத்திவிடுகிறோம். பாட்டியின் படுக்கைக்கு இடைஞ்சல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சீட்டு எடுத்தேன். உப்பு, சாக்கு, கரி, தண்ணீர், உப்பு என்று வந்தது. இருபது நிமிஷம் இழுத்துத் தள்ளி, சீட்டில் வந்த வரிசைப்படியே கோத்து நிறுத்திவிட்டு, வெற்றி வீரனைப் போல நிமிர்ந்தேன். பையன் குனிந்து பார்த்தான். பிறகு கோடியிலிருந்த அட்டைக் குடிசைகளைச் சுட்டிக் காட்டி, "என்ன மாமா, அங்கே எல்லோரும் காலையிலிருந்து குடத்தோடு நிற்கிறார்களே!" என்றான்.

மறுபடியும் இஞ்சினைப் பின்னுக்கு விட்டேன்.