கோவிலம்பாக்கத்தில் மூன்று ‘கே’

பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி ரோடும் மேடவாக்கம் மெயின் ரோடும் சந்திக்கும் பக்கம், மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் சுலபத்தில் நகராது. கடை போர்டுகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லா போர்டிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. கோவிலம்பாக்கம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து. மூன்று ‘கே’, மூன்று ‘ஏ’, இரண்டு ‘எம்’; ‘ஓ’, ‘வி’, ‘ஐ’, ‘எல்’, ‘பி’ தலா ஒன்று. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல்லைச் செய்ய முடியும்?

குட்டிச் சொற்கள் வந்து விழுகின்றன. மாம்பா என்ற விஷப்பாம்பு, வயோலா என்ற நரம்பு வாத்தியம், நம் கோர்ட்டுகளிலிருந்து ஆங்கில அகராதிக்குக் குடிபோன வக்கீல். நீளம் என்று கேட்டால்தான் திண்டாட்டம். எனக்குச் சிக்கியவற்றில் பெரியது ஏழு எழுத்து: கலிம்பா. மரப்பெட்டிமேல் உலோகப் பட்டைகளைப் பொருத்தி, கட்டைவிரலால் மீட்டுகிற ஆப்பிரிக்க வாத்தியம். 1950களில் ஹியூ டிரேசி என்பவர் தென்னாப்பிரிக்காவில் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்க ஆரம்பித்த பிறகு உலகமெல்லாம் பரவிய பெயர் அது. ஸ்கிராபிள் ஆட்டத்தில் முதல் ஆளாக இதை வைத்தால் 15 மதிப்பெண் இரட்டித்து 30, ஏழு எழுத்துக்கட்டையையும் ஒரே மூச்சில் இறக்கியதற்கு 50, மொத்தம் குறைந்தது 80.

ஏன் இத்தனை பஞ்சம்? ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸைக் கேட்டால் சொல்லியிருப்பார். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அவர். செய்தித்தாளை விரித்துவைத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கின் பலன்தான் 100 கட்டைகளில் ‘ஈ’க்கு 12, ‘ஏ’க்கு 9, ‘கே’க்கு ஒன்றே ஒன்று. கோவிலம்பாக்கத்தில் ‘ஈ’ இல்லை, ‘எஸ்’ இல்லை, ‘ஆர்’ இல்லை, ‘என்’ இல்லை. ஆங்கிலத்துக்கு எப்போதாவது தேவைப்படும் ‘கே’ மட்டும் மூன்று. ஒரு ‘கே’ கட்டையோடு இரண்டு வெற்றுக் கட்டைகளையும் ‘கே’யாக வைத்துக்கொண்டால் ஊர்ப்பெயரைப் பலகையில் முழுசாக எழுதிவிடலாம். ஆனால் ஊர்ப்பெயர் ஆட்டத்தில் செல்லாது.

தென்சென்னைப் புறநகரில் ‘பாக்கம்’, ‘வாக்கம்’ என்று முடியும் ஊர்கள் ஏராளம். அதனால் இரட்டை ‘கே’ இங்கே தெருவுக்குத் தெரு. ஆங்கிலத்தில் அது அபூர்வம். டிரெக்கிங், ஜாக்நைஃப் என்று விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் ராஜா, கணக்கெழுதுபவரைக் குறிக்கும் புக்கீப்பர்: இரண்டு ‘ஓ’, இரண்டு ‘கே’, இரண்டு ‘ஈ’ என மூன்று ஜோடிகள் அடுத்தடுத்து நிற்கும் பத்தெழுத்துச் சொல்.

கொஞ்சம் தள்ளிப் போனால் கதை மாறுகிறது. பெரும்பாக்கத்தில் ஒரு ‘ஈ’யும் ‘ஆர்’உம் இருப்பதால் பம்பர் கிடைக்கிறது, மேக்கப் கிடைக்கிறது, ஏழு எழுத்தில் பிரேக்கப்பும் கிடைக்கிறது. சோழிங்கநல்லூரோ புதையல். அதன் 14 எழுத்துக்குள் ‘ஐ, என், ஜி’ என்ற வால் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைக் கலைத்துப் பாருங்கள். கவர்ச்சியான என்று பொருள்படும் அல்யூரிங் வருகிறது, நாய் உறுமும் ஸ்னார்லிங் வருகிறது, பாயை விரிக்கிற அன்ரோலிங் ஒன்பது எழுத்தில் வருகிறது. இதைவிட நீளமானது உங்களுக்குக் கிடைத்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் செய்வது இதைத்தான். ‘ஐ-என்-ஜி’, ‘நெஸ்’, ‘ஷன்’ போன்ற வால்களையும் ‘அன்’, ‘ரீ’, ‘ஓவர்’ போன்ற தலைகளையும் முதலில் பிரித்துவிடுவார்கள். இன்னொரு வித்தை, கையிலுள்ள எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குவது. லிசன், சைலன்ட் இரண்டையும் அப்படி அடுக்கினால் ஒரே வரிசைதான் வரும்: ஈ, ஐ, எல், என், எஸ், டி. ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ‘ஒரே எழுத்துகளால் ஆன சொற்களைக் குழு குழுவாகப் பிரி’ என்பது புரோகிராமிங் நேர்காணல்களின் நிரந்தரக் கேள்வி. ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ புத்தகத்தில் கொடுத்த விடையும் அகரவரிசை அடுக்குதான்.

இந்த எழுத்தாட்டத்தில் ஆங்கில ஞானத்துக்கு எவ்வளவு பங்கு? நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பேன். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் ஃபிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு ஃபிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரம் சொற்பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். அவர் 2007-இல் மும்பையில் ஆங்கிலப் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்திருந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பெயரே நம் பக்கத்து வாடை. பட்டம் நழுவினாலும் உலகில் இரண்டாம் இடம் அவருக்கு. இங்கிலீஷ் மீடியத்துக்குக் கொட்டிக்கொடுக்கும் பெற்றோர், பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்துக்கட்டைகளோடு சும்மா விட்டுப் பார்க்கலாம். அர்த்தம் தெரியாத சொல்லைக்கூடக் கண் கண்டுபிடித்துவிடுகிறது; அகராதியைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம்.

எழுத்தைக் கட்டிப்போட்டு ஆடுவது நமக்குப் புதிதுமல்ல. இன்ன எழுத்து வேண்டும் என்பதற்குப் பதில் நம் புலவர்கள் இன்ன எழுத்து கூடாது என்று விதித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்ற எழுத்தே வராமல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் எழுதிய ‘கேட்ஸ்பி’ நாவல் வெளிவந்தது 1939-இல். தமிழில் 17-ஆம் நூற்றாண்டிலேயே துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’யைப் பாடிவிட்டார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ வரிசைகள் போயின. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஏறிய எழுத்துகளும் போயின. போட்டிக்கு வந்த புலவர் ஒருவரை அடக்கவே இதைப் பாடினார் என்று கதையும் உண்டு.

அந்தச் சட்டப்படி பார்த்தால் கோவிலம்பாக்கத்துக்கு இடமே கிடையாது. கோ, வி, பா, இரண்டு ம் என்று ஊர் முழுக்க உதடு. மேடவாக்கம், மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் அவுட். கிண்டி தேறும், கீழ்க்கட்டளை தேறும். நிரோட்டகப் புலவர் இந்தப் பக்கம் பஸ் ஏறினால் கீழ்க்கட்டளைக்குத்தான் டிக்கெட் கேட்க முடியும். அங்கிருந்து கோவிலம்பாக்கத்துக்கு நடந்து வந்துவிட வேண்டியதுதான்.