பால்கோவாவுக்குப் பால் எங்கிருந்து வரும்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். தனித்தனி நகராட்சி, தனித்தனி ரயில் நிலையம், தனித்தனிப் பெருமை. திருமங்கலத்திலிருந்து இந்தப் பக்கம் வரும் நான்குவழிச் சாலையின் வேலை தொடங்கியதிலிருந்து நடுவில் இருக்கிற நிலத்துக்குத் திடீர் மவுசு. வயல் இருந்த இடத்தில் கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள். இரட்டை நகரம் உருவாகிறது என்று கைதட்டலாம்தான். அதற்கு முன் இந்த வட்டாரம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நூலிலிருந்து காயக்கட்டு வரை

ராஜபாளையத்து நூற்பாலைகள் 1930களிலிருந்து ஓடுகின்றன. அந்தக் கதை ஊரறிந்தது. அதிகம் பேசப்படாதது, பக்கத்திலிருக்கிற சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும். மருத்துவமனையில் உங்கள் காயத்துக்குச் சுற்றிய பேண்டேஜ் துணி இங்குள்ள விசைத்தறியில் ஓடியதாக இருக்கலாம். இழை நெருக்கமில்லாமல் சல்லடை மாதிரி நெய்து, வெளுப்பாலையில் வேகவைத்து, நூலிலிருக்கும் மெழுகையும் கஞ்சியையும் போக்குகிறார்கள். நன்றாக வெளுத்த துணியைத் தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் மூழ்கிவிட வேண்டும். மிதந்தால் அது ரத்தத்தை உறிஞ்சாது. பிறகு அளந்து வெட்டி, ரோல் சுற்றி, பொட்டலம் போடுவதில் பெண்களின் கூலி அடங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம் தளவாய்புரம். அங்கே நைட்டி தைப்பதுதான் தொழில்.

2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது தறிக்காரர்கள் ஆடிப்போனார்கள். 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது கொஞ்சம் மூச்சுவிட வைத்தது. பஞ்சும் மின்சாரமும் எப்போதும் பேச்சில் இருப்பவை. தண்ணீரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தண்ணீர் இல்லாமல் வெளுப்பு இல்லை. வெளுப்பு இல்லாமல் பேண்டேஜ் இல்லை.

வாணலிக்கு முன்னால்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகன்ற இரும்பு வாணலியில் பாலை ஊற்றி, முந்திரிக்கொட்டைத் தோடு எரியும் அடுப்பில் சர்க்கரை சேர்த்து, நீளமான துடுப்பால் விடாமல் கிண்டுகிறார்கள். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். பாலில் மூன்றில் இரண்டு பங்கு ஆவியாகப் போய், மிச்சம் சுருண்டு வருவதுதான் கோவா. ஒரு கிலோ கோவாவுக்கு மூன்று லிட்டர் பால் போல வேண்டும் என்றால், அந்த ஊர்க் கோயிலுக்கு வரும் கூட்டம் வாங்கிப்போகும் கோவாவுக்கு எத்தனை மாடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பால் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வருகிறது. மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோலுக்கு நெல் வேண்டும். நெல்லுக்குக் கண்மாய் நிரம்ப வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிற ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்துவைத்தால்தான் ஆண்டு ஓடும். கண்மாய்த் தண்ணீர் ஊறித்தான் கிணறும் நிறைகிறது. மனைப்பிரிவுக்காக ஓர் ஓடையை மண் போட்டு மூடினால் கண்மாய் நிரம்பாது; அதன் பாசன நிலமான ஆயக்கட்டு முழுவதும் காய்கிறது. முதலில் நெல் போகும், அடுத்து வைக்கோல் விலை ஏறும், அதற்கடுத்து மாடு சந்தைக்குப் போகும். கடைசியில் புவிசார் குறியீடு இருக்கும். கோவாவுக்கு வெளியூர்ப் பால் வரும்.

மலையின் மேலே காட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. அடிவாரத்துக் கண்மாய்க்கும் சப்பட்டை ரக மாந்தோப்புக்கும் அப்படி ஒரு வேலி கிடையாது. நஞ்சையை மனையாக்க அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தவும் 2017இல் விதி வந்தது. முதலில் விற்றுவிட்டுப் பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தைத்தான் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

விவசாயத்தில் ஒன்றும் மிஞ்சாதவன் நல்ல விலைக்கு விற்றுப் பிள்ளையைப் படிக்கவைப்பது தவறா என்று மனை வியாபாரிகள் கேட்கிறார்கள். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் விற்றது ஒரு ஏக்கர் மட்டுமல்ல. பக்கத்து வயலுக்குப் போகும் வாய்க்காலும் அதோடு போய்விடுகிறது.

தொழிலுக்கு இடம் வேண்டும் என்ற சாக்கும் செல்லாது. இதே மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. புதிய ஆலைகள் அங்கே போகட்டும். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே நகரத் திட்டம் போட்டு, ஒவ்வொரு கண்மாயின் ஆயக்கட்டையும் வரத்துக் கால்வாயையும் வரைபடத்தில் குறித்து, அங்கே மனைக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே மனை வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தச் சர்வே எண்ணில் ஓடையோ வாய்க்காலோ இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.