பாடம் தெரியும்... ஆங்கிலத்தில் நடத்தத் தெரியுமா? பேராசிரியர்களுக்கும் ஒரு தேர்வு!

பல நாட்டு மாணவர்கள் படிக்கும் இடம், டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம். அவர்களுக்காகப் பல வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால், நடத்தும் ஆசிரியர்கள் பலருக்குத் தாய்மொழி டேனிஷ்.

இதில் என்ன சிக்கல்? டென்மார்க் ஆசிரியர் ஒருவர், ஒரே பாடத்தை இரு மொழிகளிலும் நடத்தியதை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. ஆங்கிலத்தில் நடத்த 22 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. டேனிஷில் உரையாடுவதுபோல விளக்கியவர், ஆங்கிலத்தில் பாடப்புத்தகம்போலப் பேசினார். அனுபவசாலிக்கே இந்த நிலை என்றால், நஷ்டம் மாணவர்களுக்குத்தான்.

இதற்காகவே 'டோஎபாஸ்' என்ற தேர்வை இந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. இதில் இலக்கணக் கேள்வித்தாள் கிடையாது. ஆசிரியர் தன் பாடத்தையே 20 நிமிடங்கள் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும். மாணவர்கள் இடத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் வீடியோவில் பதிவாகும். மதிப்பெண்ணோடு முடிந்துவிடாது. எது தெளிவாக இருந்தது, எங்கே தடுமாறினார் என்று தேர்வாளர்கள் விளக்கமாகச் சொல்வார்கள்.

லண்டன்காரர்போல உச்சரிப்பது இங்கே முக்கியமில்லை. ஒரு கலைச்சொல் புரியவில்லை என்றால், அதையே வேறு வார்த்தைகளில் விளக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். நல்ல ஆசிரியருக்கு எந்த மொழியிலும் அதுதானே அழகு!