பியானோ மிதியைச் செப்பனிடுதல்

திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரத்தில் பியானோவுக்குப் பெரும்பகை ஈரக்காற்று. ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும் அங்கே அடுத்தடுத்துப் பொழிகின்றன. மரம் உப்புகிறது, எஃகு வில் துருவேறி ஒடிகிறது. மிதி வேலை செய்யாத பியானோவைப் பழம்பொருளென ஒதுக்குமுன், பள்ளியார் அதன் அடிப்பலகையைத் திறந்து பார்த்தல் நலம். விசைப்பலகையின் கீழுள்ள வில்தாழை மேலே அழுத்தினால் பலகை கையோடு வந்துவிடும்.

நிமிர்ந்த பியானோவின் வலப்புற மிதி, அடியிலுள்ள நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் ஒரு மரக்கோலை மேலே தள்ளுகிறது. உடனே கம்பிகளின்மேல் அழுந்தியுள்ள கம்பளி அடக்கிகள் யாவும் ஒருங்கே விலக, நாதம் நீடிக்கிறது. மிதி தடையின்றித் தாழுமாயின், பெரும்பாலும் மரக்கோல் தன் குழியிலிருந்து நழுவியிருக்கும்; அல்லது வில் ஒடிந்திருக்கும். கோலை மீண்டும் பொருத்துதல் சில நிமிட வேலையே. வில்லுக்கு மட்டும் அதே வலிமையுடைய மாற்று வில் வேண்டும்.

மரையை முடுக்குகையில், மிதி 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெறுமனே அசைய இடம் விடுக. இன்றேல் அடக்கிகள் கம்பியிற் படியமாட்டா; சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி ஒலிக்கும். கிறீச்சொலி கேட்டதும் எண்ணெய்ப் புட்டியைத் தேடுவோர் பலர். மரமும் கம்பளியும் எண்ணெயை உறிஞ்சிக் கெடும். உராயும் இடத்தில் சிறிது பென்சில் கரித்தூள் தடவினாற் போதும்.