தடுப்பூசிக்குப் பின் தீராத தோள்வலி: அமெரிக்காவில் இழப்பீடு கிடைப்பது எப்படி?

தடுப்பூசி போட்ட கை இரண்டொரு நாள் வலிப்பது இயல்பு. வாரங்கள் கடந்தும் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அலட்சியம் கூடாது. தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையில் இறங்க வேண்டிய ஊசி, சற்று மேலே ஏறி மூட்டை ஒட்டிய திரவப்பையிலோ தசைநாணிலோ பட்டால் அழற்சி ஏற்படும். சிலருக்குத் தோளே இறுகிவிடும். மருத்துவர்கள் இதை 'சிர்வா' என்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்று தனி வழி உண்டு. 1986-ல் இயற்றப்பட்ட சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைகோரல் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். எதிர்த்தரப்பு, மருந்து நிறுவனம் அல்ல. மத்திய சுகாதாரத் துறைச் செயலர். தடுப்பூசிகள் மீது விதிக்கப்படும் 75 சென்ட் வரியில் சேரும் நிதியிலிருந்து இழப்பீடு தரப்படுகிறது. ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மனு நியாயமான அடிப்படையில் நல்லெண்ணத்தோடு போடப்பட்டிருந்தால், தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தை அந்த நிதியே ஏற்கும். எளியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

2017-ல் சிர்வா, இத்திட்டத்தின் அதிகாரபூர்வத் தடுப்பூசிப் பாதிப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2021 ஜனவரியில் அதை நீக்கப் பிறந்த உத்தரவு, நடைமுறைக்கு வருமுன்பே ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. பட்டியலின் நிபந்தனைகள் கறாரானவை: அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும், வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். வலிக்கும் வேதனைக்குமான தொகையின் உச்சவரம்பு 2,50,000 டாலர். சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனிக் கணக்கு.

பல வழக்குகள் இடறுவது காகிதத்தில்தான். சரியாகிவிடும் என்று பொறுத்திருந்து, மாதங்கள் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள். இடையில் சளிக்கோ சர்க்கரைக்கோ போனபோதும் தோள்வலியைச் சொல்வதில்லை. வலி இடது தோளில் இருக்க, தடுப்பூசிச் சான்றில் 'வலது கை' என்று பதிவாகியிருப்பதும் உண்டு. அரசுத் தரப்பு முதலில் தொடுவது இந்த இடைவெளிகளைத்தான்.

கொரோனா தடுப்பூசிக்கு வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டே அவகாசம். அதில் வலிக்கும் வேதனைக்கும் பணம் இல்லை, வழக்கறிஞர் கட்டணமும் இல்லை. இது பெருங்குறை.

தோள் வலித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். எந்தக் கையில், எந்த நாளில் ஊசி போட்டீர்கள், வலி எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். கொரோனா அல்லாத தடுப்பூசி என்றால், முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும்.